விழுந்தால் தூக்க ஆளில்லை

மண் சாலையில் தனியாக பைக் ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால், "அவ்வளவு நேரம் தனியா என்னதான் யோசிச்சுக்கிட்டே போவே?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. உண்மையைச் சொன்னால் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றுமே யோசிப்பதில்லை. தார்ச்சாலையில் வேண்டுமானால் யோசிக்கலாம். கை தன்பாட்டுக்கு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும், மனசு என்றைக்கோ முடிந்துபோன சண்டைக்கு இப்போது பதில் தயாரித்துக்கொண்டிருக்கும். மண்ணில் அதற்கெல்லாம் வழியில்லை. தூரத்தில் தெரிகிற கறுப்பு நிழலா சேறா, சரளை எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது, எதிரே வருகிற லாரி கிளப்பும் புழுதிக்குள் இன்னொரு வண்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கே மூளை போதவில்லை. தன்னைத் தேடிப் போகிறவர்கள் தார்ச்சாலையிலேயே தேடிக்கொள்ளட்டும். மண்ணில் தேட நேரம் கிடைக்காது.

சில நாள் பயணம் அது. கோடையின் கடைசி. ஊர்களை இணைக்கும் மண் சாலைகள், அவற்றிலிருந்து பிரிந்து போகும் வண்டித் தடங்கள், நடுவில் ஓர் ஆறு, அதற்கப்பால் மலை. முன்பு நண்பர்களோடு இதுபோன்ற வழிகளில் போயிருக்கிறேன். அதே மாதிரி வழி, அதே வண்டி, ஆனால் தனியாகப் போனபோது ஓட்டும் முறையே வேறாக இருந்தது. கூட இரண்டு பேர் இருந்தால் ஈர மண் சரிவைப் பார்த்ததும் "போய்ப் பார்ப்போம்" என்று இறங்கிவிடுவேன். விழுந்தால் அவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் தூக்கிவிடுவார்கள். தனியாக இருக்கும்போது ஒவ்வொரு சரிவிலும் முதலில் எழும் கேள்வி, இங்கே வண்டி சாய்ந்தால் என்னால் நிமிர்த்த முடியுமா என்பதுதான். என் தைரியத்தின் அளவு வண்டியின் எடைதான் என்று புரிந்துபோயிற்று.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாகசப் பயணத்துக்கென்று விற்கப்படும் பெரிய பைக்குகளில் பல, பெட்ரோல் நிரப்பினால் 250 கிலோவைத் தொடும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் பை. விளம்பரத்தில் அது மணல்மேட்டில் பறக்கும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு குழுவே நிற்பது படத்தில் வராது. ஆன்-ஃபிரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண் 1972இல் ஒரு கூட்டத்தோடு பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்ஃபஹான் வரை போனபோது ஓட்டியது 750 சிசி மோட்டோ குஸ்ஸி. அடுத்த ஆண்டு உலகைச் சுற்றத் தனியாகக் கிளம்பியபோது எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் கவாஸாகி. காரணம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் தனியாக ஒரு பைக்கை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் விளக்கம் இல்லாமலே விளங்கும். என்னுடையது 150 கிலோவுக்குச் சற்று மேல். அதையே சரிவில் நிமிர்த்த மூச்சு வாங்குகிறது.

நிமிர்த்துவதற்கு முறை இருக்கிறது. முதலில் என்ஜினை அணைக்க வேண்டும். கியரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது உருண்டுவிடும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைட் ஸ்டாண்டை இறக்கிவைக்க வேண்டும். இதை மறந்து, நிமிர்த்திய வேகத்தில் இடது பக்கமாகவும் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரின் நுனியையும் இன்னொரு கையால் பின்னாலுள்ள கம்பியையும் பிடித்துக்கொண்டு, காலால் தரையை உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நகர வேண்டும். கையால் இழுத்தால் முதுகு போய்விடும். சாமான் நிறைய இருந்தால் கழற்றிவிட்டுத் தூக்குவதுதான் மரியாதை. கிளம்புவதற்கு முன்பே, முழுச் சுமையோடு வண்டியைப் புல்தரையில் படுக்கவைத்து நிமிர்த்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. அன்று மாலையே ஒரு பை வீட்டில் தங்கிவிட்டது.

தார் முடிந்த இடத்தில் முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. 30, 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் டயரில் நாலைந்து குறைத்தாலே சரளையில் வித்தியாசம் தெரியும். காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும், கல்லில் மோதி எகிறாமல் கல்லைச் சுற்றிக்கொள்ளும். அதற்காக இன்னும் இன்னும் குறைக்கக் கூடாது. டியூப் போட்ட சக்கரத்தில் காற்று மிகவும் குறைந்தால், கூரிய கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஆழமான மணலுக்கு இன்னும் இறக்குவார்கள்தான். ஆனால் தனியாகப் போகிறவன் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பது நல்லது என்பது என் கட்சி. நழுவலைக் கையால் சமாளித்துவிடலாம். வெயிலில் உட்கார்ந்து டயரைக் கழற்றுவது வேறு கதை.

முதல் நாள் முழுவதும் என்னை வாட்டியவை சாலையின் குறுக்குவரிகள். மண் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரே சீராக, அரை மீட்டருக்கு ஒன்று, முக்கால் மீட்டருக்கு ஒன்று என்று குறுக்கே மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். கண்ணில் உள்ள காட்சி ஆடும், கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது, பல் கிட்டிக்கும். இது எப்படி உண்டாகிறது என்று கேட்டால் கனமான லாரி என்பார்கள், ஷாக் அப்சார்பர் என்பார்கள், சாலை போட்டவன் என்பார்கள். நிக்கோலாஸ் டாபர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்எல்வைன் என்ற மூவர் இதை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்த்து 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சின்னச் சக்கரத்தை உருளவிட்டார்கள். மேடை சுற்றச் சுற்ற வரிகள் தாமாகவே எழுந்தன. சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேண்டியதில்லை. சக்கரமே வேண்டியதில்லை, சாய்வான தகட்டை இழுத்தாலும் அதே வரிகள்தான். வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் மட்டும் மணல் சமமாகவே கிடந்தது. சிக்கல் என்னவென்றால், உண்மையான சாலையில் அந்த அளவு நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலான ஏதோ ஒன்று. அப்படி யார் ஓட்டப்போகிறார்கள்? ஆகவே மண் சாலை இருக்கும்வரை வரிகளும் இருக்கும். மட்டப்படுத்திவிட்டுப் போன இயந்திரம் கண்ணைவிட்டு மறைவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடும்.

வரிகள்மேல் மெதுவாகப் போனால் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். வேகமாகப் போனால் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், அதிர்வு சட்டென்று அடங்கிவிடும். அனுபவசாலிகள் பலர் இதைத்தான் சொல்லித் தருவார்கள்: முறுக்கு, பறந்துவிடு. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தலையை மட்டும் தொட்டு ஓடும் சக்கரம் பாதி நேரம் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. நேர்சாலையில் பரவாயில்லை. வளைவுக்கு முன்னால்தான் எல்லோரும் பிரேக் பிடிக்கிறார்கள், வரிகளும் அங்கேதான் மிக ஆழம். நான் நடுத்தர வேகத்தில் குலுங்கிக்கொண்டே போனேன். சாலையின் விளிம்பில் வரி கொஞ்சம் குறைவாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே. அழகான ஓட்டமில்லை.

ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டுவதைப் பற்றியும் ஒரு பழங்கதை உண்டு. நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கிவிடும், அதனால்தான் வண்டி நிலையாக ஓடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் அவருடைய எடை மேலேதான் போகும், இதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. நடப்பது வேறு. நிற்கும்போது வண்டியும் ஆளும் பிரிந்துவிடுகிறார்கள். வண்டி இடமும் வலமும் ஆடினாலும் முழங்கால் மடங்கி நீண்டு அதை வாங்கிக்கொள்கிறது, உடம்பு நேராக முன்னே போகிறது. பின்சக்கரத்தின் குதிப்பு முதுகெலும்புக்கு வருவதில்லை. தவிர, உயரம் கூடியதால் தூரம் தெரிகிறது. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம். நாள் முழுவதும் நிற்க முடியாது, தொடை ஒத்துக்கொள்ளாது. கண்ணுக்குத் தெரியாத இடம் வந்தால் எழுவேன், தெரிந்ததும் உட்காருவேன்.

பார்வையைப் பற்றிச் சொல்லும்போது வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையிலும் மாலையிலும் சூரியன் பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழுந்து சாலை எழுத்துப்போலத் தெளிவாக இருக்கும். உச்சி வெயிலில் நிழலே இல்லை, ஒரு சாண் ஆழப் பள்ளமும் சமதரையாகத் தெரியும். வெயில் முகத்துக்கு நேரே இருந்து, முன்னால் ஒரு வண்டியும் போனால், அதைவிட மோசம் இல்லை. புழுதி ஒளிர்ந்து வெள்ளைச் சுவராகிவிடும். அந்த மாதிரி நேரத்தில் முந்தப் பார்க்காமல் ஓரங்கட்டிக் கால்மணி நேரம் நின்றுவிட்டேன். புழுதிதான் ஏர் ஃபில்டருக்கும் எமன். ராத்திரி கழற்றித் தட்டினால் வந்த மண்ணில் ஒரு செடி வைக்கலாம்.

பிரேக்கில் ஒரு விஷயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். தார்ச்சாலையில் உயிர் காக்கும் சாதனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தளர்ந்த சரளையில் நிலைமை மாறும். பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும். ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவிடாததால் அந்தக் குவியல் சேராது, வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால்தான் இந்த வழிகளுக்கான வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை அணைக்கும் வசதி இருக்கிறது. நான் பின்னால் அணைத்தேன், முன்னால் தொடவில்லை. பின்சக்கரம் பூட்டினால் வண்டி வாலை ஆட்டும், பிரேக்கை விட்டால் சரியாகும். முன்சக்கரம் பூட்டினால் அடுத்த நொடி நான் தரையில்.

இரண்டாம் நாள் மத்தியானம் மணல் வந்தது. நீளமில்லை, ஆனால் ஆழம். மணலில் வேகத்தைக் குறைக்கத்தான் கை போகும், குறைத்தால் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும். எடையைப் பின்னால் தள்ளி, ஆக்சிலேட்டரை விடாமல், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, வண்டி நெளிந்தால் நெளியட்டும் என்று விட வேண்டும். இறுக்கிப் பிடித்துத் திருத்தப் போனால்தான் விழுவோம். புத்திக்குத் தெரிந்தது விரல்களுக்குப் போய்ச் சேரப் பாதி தூரம் ஆயிற்று. ஒருமுறை சாய்ந்தேன். வேகமே இல்லை, மணல் மெத்தை, ஒரு சிராய்ப்பும் இல்லை. கால் மட்டும் வண்டிக்கு அடியில்.

இதுதான் தனியாகப் போகிறவர்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விழுகை. வேகமாக விழுந்தால் வண்டி ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம். மெதுவாக விழும்போது வண்டி நம்மேலேயே படுத்துக்கொள்ளும். கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ் போட்டிருந்தேன், அடியில் மணல் வேறு, அதனால் காலைத் தோண்டி உருவ முடிந்தது. பாறையாக இருந்திருந்தால் யாராவது வரும்வரை அப்படியே படுத்திருக்க வேண்டியதுதான். ஹெல்மெட்டுக்குச் செலவழிக்கிறவர்கள்கூட இந்த வழிகளில் ஓட்டப்பந்தய ஷூவோடு வருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சாய்ந்ததில் கிளட்ச் லீவர் உடையவில்லை. அதைப் பிடித்திருக்கும் கவ்வியை முழுவதும் இறுக்காமல், அடிபட்டால் சுழலும்படி விட்டிருந்தேன். யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ சொன்ன யோசனை, நூறு உபகரணத்துக்குச் சமம்.

ஆற்றுக்குப் போகும் வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். "ஐயா, இந்த வழி மலைக்குப் போகுங்களா?"

"போகுமே தம்பி."

வண்டியைக் கிளப்பப் போனவன், என்னமோ தோன்றி இன்னொன்றும் கேட்டேன். "கடைசியா இந்தப் பக்கமா வண்டி ஏதாவது போச்சா?"

"வண்டியா? வண்டி எப்படிப் போகும், ஆத்துல தண்ணி வந்து நாலு நாளாச்சே. நடந்தா போகும்."

வழி போகுமா என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். வழி போகத்தான் செய்கிறது. எது போயிற்று, எப்போது போயிற்று என்று கேட்டால் கதை வெளியே வரும். லாரி ஓட்டுநர் "நல்ல ரோடு" என்று சொன்னால் அது நான்கு சக்கரத்துக்கு, அதுவும் பெரிய சக்கரத்துக்கு நல்ல ரோடு. சைக்கிளில் போகிறவர் சொல்வதைத்தான் நான் அப்படியே நம்புவேன்.

இருந்தாலும் ஆற்றைப் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை. வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, பூட்ஸோடு, கையில் ஒரு கம்போடு இறங்கி நடந்தேன். நடக்க முடியாத இடத்தில் ஓட்ட முடியாது. நடக்க முடிந்தாலும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. அடியில் பாசி பிடித்த உருண்டைக் கற்கள், நடுவில் இழுப்பு. இருவர் இருந்தால் ஒருவர் ஏறி ஓட்டாமல் என்ஜின் சக்தியில் வண்டியை நடத்திக் கொண்டுபோக, மற்றவர் நீர் பாயும் திசையில் நின்று தாங்கிக்கொள்ளலாம். தனியாக இருந்தால் வண்டி சாய்வது ஒரு பிரச்சினை, அது தண்ணீரைக் குடிப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. காற்று உள்ளே போகும் வழியில் தண்ணீர் புகுந்து சிலிண்டருக்குப் போய்விட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் பதற்றத்தில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்தாலும் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என்ஜினைச் சுற்றி, தண்ணீரை வெளியே பீய்ச்சியடிக்க வைத்துவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். அதைச் செய்யக் கருவி என்னிடம் இருந்தது. ஆற்று நடுவிலிருந்து வண்டியைக் கரைக்கு இழுக்கும் ஆள்தான் இல்லை.

திரும்பினேன். வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. அக்கரை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அங்கிருந்து ஏறிப் போகும் தடம்கூடத் தெரிகிறது. சுற்றிப் போனதில் அரை நாள் போயிற்று. கூட்டமாக இருந்தால் கடந்திருப்போம், அதிலும் சந்தேகமில்லை. ராபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் 1932இல் லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டு, துருக்கி, ஈராக், இந்தியா, சீனா என்று சுற்றி 1933 டிசம்பரில் நியூயார்க் வந்து சேர்ந்தார். தொலைந்தால் கண்டுபிடிக்க இன்றிருக்கும் எதுவும் அன்று கிடையாது. அதை நினைத்தால் நான் திரும்பியது கோழைத்தனம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒன்றரை ஆண்டு ஓட்டி முழுசாக ஊர் திரும்பியவர் எத்தனை இடத்தில் சுற்றிப் போயிருப்பார் என்றும் நினைத்துக்கொள்கிறேன். சஹாரா பாலைவனத்தைக் கடந்து நடந்த பாரிஸ்–டக்கார் பந்தயத்தைத் தொடங்கிய தியெரி சபீனே 1977இல் வேறொரு பந்தயத்தில் அந்தப் பாலைவனத்தில் வழிதவறி, மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்ததால் பிழைத்தவர். அப்புறம் அதே பாலைவனத்துக்குள் அவர் போனபோது தனியாகப் போகவில்லை, ஒரு பெரும் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போனார்.

போகும் வழியையும், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆற்றிலிருந்து திரும்பியதும் வழி மாறிவிட்டது, அதைச் சொல்ல சிக்னல் இல்லை. சுற்றுவழி இன்னும் நல்ல சாலையாக இருந்தும், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு முதலில் போய்ச் செய்தி அனுப்பிவிட்டே அதில் இறங்கினேன். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருந்தேன், அது சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிவதும் மற்றவருக்குத் தெரிவதும் வேறு வேறு.

மலைச்சாலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது. கெட்டியான மண், முந்தின நாள் மழையில் புழுதி அடங்கியிருந்தது, வளைவுகள் அகலம். இந்த மாதிரி சாலைக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. மூன்றாம் கியரிலேயே ஏறி மூன்றாம் கியரிலேயே இறங்கினேன்.

தார் மறுபடி தொடங்கிய இடத்தில் நிறுத்தி டயருக்குக் காற்றடித்தேன், கைப்பம்பில், தோள் வலிக்க. அங்கேயே ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தேன். குறுக்குவரிகள் தம் வேலையைச் செய்திருந்தன. சாமான் கம்பியின் ஒரு போல்ட்டைக் காணவே காணோம், நம்பர் பிளேட் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கியது, செயின் தளர்ந்திருந்தது. போல்ட் இருந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றிக் கட்டினேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மாற்றத் தோன்றவில்லை. அடுத்த முறைக்குப் பெட்டியை எடுத்துவிட்டுத் துணிப்பை போடலாமென்று இருக்கிறேன். அதில் ஏழெட்டுக் கிலோ குறையும். ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் அக்கரையிலிருந்து அந்தத் தடத்தில் இறங்கிப் பார்க்கலாம்.